ஏற்காட்டு வீட்டிற்குச் சூரிய மின்சாரம்

சேர்வராயன் மலையில் காற்றுமழையில் மரம் சாய்ந்தால் மின்சாரம் தடைபடும். கூரையில் சூரியத் தகடு இருந்தால் போதும் என்பர் சிலர். மின்வாரியக் கம்பியுடன் மட்டும் இணைந்த தகடு, கம்பியில் பழுதுபார்ப்போரைக் காக்கத் தானும் நின்றுவிடும். ஆகவே பேட்டரி தேவை. எவ்வளவு?

நான் போட்ட கணக்கு இது: 10 வாட் விளக்குகள் நான்கு, 5 மணி நேரத்திற்கு 200 வாட்-மணி; 60 வாட் தொலைக்காட்சி, 3 மணி நேரத்திற்கு 180. ஆக 380. மூடுபனியை எண்ணி இரு நாளுக்கு 760. இன்வெர்ட்டர் இழப்புடன் ஏறத்தாழ 900. காரீய-அமில பேட்டரியில் பாதியளவே எடுப்பது நலம். எனவே 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று போதும்.

2024இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் தகட்டிற்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000 மானியமாக அறிவித்தது. மானியம் தகட்டின் திறனைப் பொறுத்ததே. பேட்டரிச் செலவு நம்முடையது. ஆதலால் விலையை அதன் ஆயுள் ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தே வாங்குவோமாக!