கூட்டின் வாசல் கிழக்கே இருக்கட்டும்

ஆடி மாதத்தில் கயத்தாறுக் காற்றாலைகள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றன என்று பாருங்கள். மேற்கே! குருவிக் கூட்டின் வாசலை அதற்கு நேரெதிராகக் கிழக்கே வையுங்கள். காற்றும் சாயங்கால வெயிலும் உள்ளே போகாது.

சிட்டுக்குருவிக்கு ஒன்றேகால் அங்குலத் துளை போதும். பெரிதாக்கினால் மைனா குடியேறிவிடும். வாசலில் உட்காரக் குச்சி வேண்டாம், அது காகத்துக்குத்தான் வசதி. மரப்பெட்டியோ மண்கலயமோ, பூனைக்கு எட்டாமல் எட்டடி உயரத்தில், தாழ்வார நிழலில் கட்டுங்கள். தகரம் வேண்டாம், நம் வெயிலுக்குக் குஞ்சு வெந்துபோகும்.

தீனிக்குக் கரிசல் காட்டுக் கம்பே போதும், கதிராகவே தொங்கவிடலாம். உப்புப் போட்ட மிச்சச் சோறு கூடாது. குஞ்சுகளுக்குத் தாய் ஊட்டுவது புழுபூச்சி என்பதால் செடிகளுக்கு மருந்தடிப்பதை நிறுத்துங்கள். தேன்சிட்டு பெட்டிக்குள் வராது. அதற்கு ஒரு செம்பருத்தி நடுங்கள். இத்தனையிலும் முக்கியம் என்று நான் நினைப்பது தண்ணீர்தான்: இரண்டு அங்குல ஆழத்துக்கு மேற்படாத மண்தட்டு, நடுவில் ஒரு கல், தினமும் புதுத் தண்ணீர்.

குளிக்க வரும் குருவியை அஞ்சலட்டை அளவுத் தாளில் வரையலாம். முதலில் பென்சிலில் உடல் வளைவு மட்டும். பறந்த பிறகு வண்ணம். ஆண் குருவிக்குத் தொண்டையில் கறுப்பு உண்டு, பெண்ணுக்கு இல்லை. கூட்டுக்கும் வண்ணம் பூச ஆசையா? வெளிப்புறம் மட்டும், வெளிர் நிறத்தில்.