மேன்முறையீடு எழுதிக் கொடுக்க முன்வந்த பிள்ளைகளுக்கு

தெமட்டகொடையிலிருந்து மாளிகாவத்தை ஓய்வூதியத் திணைக்களத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே போய் வந்தவர்கள், கையில் மறுப்புக் கடிதத்தோடு, எழுதித் தர ஓர் ஆளைத் தேடுகிறார்கள். காயப்பட்டு விலகிய படைவீரர், கணவன் சேவையில் இறந்துபோன பெண், பிள்ளையின் பங்குக்கு அலையும் பாட்டி. தமிழ் பேசும் முஸ்லிம், மலாய், தமிழ்க் குடும்பங்களும் இதில் உண்டு. இந்த வேலைக்கு இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி வைக்கிறேன்.

1. வந்தவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். ஆனால் கேட்டதை எல்லாம் எழுதாதீர்கள். மறுப்புக் கடிதத்தில் ஒரு காரணம் இருக்கும். மேன்முறையீடு அந்தக் காரணத்துக்கான பதில் மட்டுமே. ‘பெயர் ஒத்துப்போகவில்லை’ என்று திணைக்களம் எழுதியிருக்க, நாம் போர்முனைக் கதையை மூன்று பக்கம் எழுதினால், வாசிக்கும் அலுவலர் பெயரைப் பற்றிய ஒரு வரியைத் தேடிக் களைத்துப்போவார். கோவை மறுபடியும் அலுமாரிக்குப் போகும். காரணத்தை முதல் பந்தியில் அப்படியே எடுத்து எழுதுங்கள். அடுத்த பந்தியில் பதில். அதன் கீழே எந்த ஆவணம் அதை நிரூபிக்கிறது என்று இலக்கமிட்டுக் காட்டுங்கள்.

2. காரணமே சொல்லாமல் மறுத்திருந்தால் உடனே மேன்முறையீடு எழுத உட்காராதீர்கள். காரணத்தைக் கேட்டு எழுதுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒருவரைப் பாதிக்கும் தீர்மானத்தை எடுத்த அலுவலர், கேட்டால் காரணத்தை எழுத்தில் கொடுக்கத்தான் வேண்டும். இந்தப் பிரிவைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குப் பெரிய மனவருத்தம்.

காரணம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இந்திய உயர் நீதிமன்றம் 2013 இல் தீர்த்த தரம்வீர் சிங் வழக்கைப் படியுங்கள். 1985 இல் இராணுவத்தில் சேர்ந்தவர், வலிப்பு நோயால் 1994 இல் விலக்கப்பட்டார். வலுவிழப்பு 20 வீதம் என்று ஏற்ற மருத்துவச் சபை, நோய்க்கும் சேவைக்கும் தொடர்பில்லை என்று சொல்லி ஓய்வூதியத்துக்கு வழியடைத்தது. ஏன் தொடர்பில்லை என்று சபை சொல்லவில்லை. சேரும்போது நோய் எதுவும் பதியப்படாதவரை, நல்ல உடல்நிலையில் சேர்ந்தவராகவே கொள்ள வேண்டும்; பின்னர் வந்த நோய்க்கும் சேவைக்கும் தொடர்பில்லை என்பதை நிரூபிக்கும் பாரம் அரசாங்கத்தின்மேல்தான் என்று நீதிமன்றம் சொன்னது. அது நம் நாட்டைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று கற்றுத் தருகிறது.

3. பெயர். இந்த ஒன்றில்தான் மிகக் கூடுதலான கோவைகள் சிக்கி நிற்கின்றன. ஒரு பெண் கொண்டுவந்த கடதாசிகளைப் பாருங்கள்: திருமணச் சான்றிதழில் தமிழில் ‘முஹம்மது’. சேவைக் கோவையில் சிங்களத்தில் எழுதி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது ‘மொஹமட்’. அடையாள அட்டையில் வெறும் ‘எம்.’ மரணச் சான்றிதழில் தகப்பனின் பெயர் முன்னுக்கு வந்துவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு கணவன். கடதாசியில் நான்கு ஆண்கள்.

இப்படி வந்தால் முதலில் ஓர் அட்டவணை போடுங்கள். எந்த ஆவணம், எந்தத் திகதி, எந்த மொழி, பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது. பிறகு நான்கு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். கிராம அலுவலரின் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வாங்குங்கள். சத்தியக்கடதாசியில் நான்கு பெயரையும் எழுத்துக்கு எழுத்து, ஆவணத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். உங்கள் விருப்பப்படி திருத்தி எழுதினால் ஐந்தாவது பெயர் ஒன்று பிறந்துவிடும்.

4. நிக்காஹ் நடந்தது, பதியவில்லை என்று சொல்லி அழுகிறவர்களைக் கைவிடாதீர்கள். பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் திருமணம் செல்லாததாகாது என்று 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு சொல்கிறது. திணைக்களத்துக்கு நிரூபணம் வேண்டும் என்பது வேறு விடயம். பள்ளிவாசல் பதிவேடு, வலியின் (மணமகளின் பொறுப்பாளரின்) வாக்குமூலம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் திரட்டுங்கள்.

5. எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறோம் என்று பாருங்கள். சிவில் அரசாங்க ஊழியரின் விதவைக்கு 1898 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். பெண் ஊழியரின் தபுதாரருக்கு 1983 இன் 24 ஆம் இலக்கச் சட்டம். முப்படையினரின் விதவைக்கு 1970 இன் 18 ஆம் இலக்கச் சட்டம். கச்சேரியில் வேலை பார்த்தவரின் பழைய கடிதத்தைப் பார்த்துப் படைவீரரின் மனைவிக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம்.

6. உடல் திரும்பி வராதவர்களின் வீட்டார் வருவார்கள். காணாமற்போனோரைப் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவுக்குப் படையினரின் குடும்பங்களிடமிருந்தும் சுமார் 5,000 முறைப்பாடுகள் வந்தன. வடக்கில் பிள்ளையின் படத்தோடு வீதியில் இருக்கும் தாய்க்கும் இவர்களுக்கும் துயரம் ஒன்றுதான். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அவர்களை நெருக்காதீர்கள். 2016 இன் 16 ஆம் இலக்க மரணப் பதிவுத் திருத்தச் சட்டம், இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெற இடம் கொடுக்கிறது. இரண்டையும் விளக்குங்கள். எதை எடுப்பது என்பதை அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

7. தமிழில் எழுதுங்கள். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரை சொல்கிறது. சிங்களத்தில் பதில் வந்தால் தமிழில் கேட்டு எழுத உங்களுக்கு உரிமை உண்டு. வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று சிங்களப் பிரதி ஒன்றையும் கூட இணைத்தால் குற்றமில்லை.

8. வைத்தியரின் கடிதத்தில் ‘இவர் முதுகுவலியால் அவதிப்படுகிறார்’ என்று இருந்தால் அது எதற்கும் உதவாது. என்ன காயம், எப்போது, எந்தக் கடமையில், இன்றைய நோவு அதிலிருந்து எப்படி வந்தது என்ற நான்கும் வேண்டும். வைத்தியரிடம் போகும்போதே இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். இரண்டு பக்கச் சான்றும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பயன் படைவீரருக்கே என்பது அமெரிக்காவில் சட்டம். கில்பர்ட் வழக்கில் 1990 இல் அதை விரிவாக விளக்கியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் அப்படி ஒரு விதி எழுத்தில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வரும்வரை சமமாக நிற்க விடாதீர்கள். ஒரு கடதாசியாவது கூட வையுங்கள்.

9. காசு வாங்காதீர்கள். தேநீர் கொடுத்தால் குடியுங்கள்.

10. மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த திகதியைக் கடித உறையோடு பாதுகாத்து வையுங்கள். அனுப்புவதெல்லாம் பதிவுத் தபாலில். பற்றுச்சீட்டைப் பிரதியோடு சேர்த்துக் குத்துங்கள். திணைக்களத்துக்கும் அமைச்சுக்கும் பாராளுமன்ற மனுக்குழுவுக்கும் எழுதிக்கொண்டே இருக்கும்போது இன்னொரு கெடு ஓடிக்கொண்டிருக்கும்: அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை நடந்துகொண்டிருப்பதை நிரூபிக்கும் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஒருவரை அவமதித்தோ பாகுபாடு காட்டியோ மறுத்திருக்கிறார்கள் என்று பட்டால் நீங்கள் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே புதுக்கடை நீதிமன்றத் தொகுதியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அட்டவணையையும் உறையையும் பற்றுச்சீட்டுகளையும் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.