கார்பெட் ஓரத்துக் கறுப்புக் கோடு: ஃபர்னஸ், டக்ட், தரைவிரிப்பு பற்றிய முழுமையான வழிகாட்டி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்கார்பரோவிலோ மார்க்கத்திலோ பிரம்டனிலோ கொஞ்சம் பழைய வீடு வாங்கிக் குடிபுகுந்தவர்கள், முதல் குளிர்காலத்தில் இதைக் கவனித்திருப்பார்கள். சுவரோரமாகக் கார்பெட்டில் விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு ஓடும். படுக்கையறைக் கதவுக்கு நேர் கீழே இன்னொன்று இருக்கும். படிக்கட்டின் மூலைகளிலும் கறுப்பு அடைந்திருக்கும். வேக்யூம் போட்டால் போகாது, சோப்புத் தண்ணீரில் தேய்த்தால் பரவும். கார்பெட்டை மாற்றலாமா, டக்ட் சுத்தம் செய்பவரைக் கூப்பிடலாமா என்று வீட்டில் பேச்சு தொடங்கும். இரண்டும் பணம் தின்னும் வேலைகள். அதற்கு முன்னால் நம் கையாலேயே செய்யக்கூடியவை பல இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில், காற்று போகும் வழி

பேஸ்மெண்டில் இருக்கும் ஃபர்னஸ் வெளிக்காற்றைச் சுட வைத்து உள்ளே அனுப்புவதில்லை. சுவரில் இருக்கும் பெரிய கம்பித் தட்டிகள் வழியாக வீட்டுக் காற்றையே இழுக்கிறது. கோல்ட் ஏர் ரிட்டர்ன் என்பது அவற்றைத்தான். இழுத்த காற்று ஃபில்டரைத் தாண்டி, வெப்பப் பரிமாற்றி என்ற உலோக அறையைச் சுற்றிச் சூடேறி, தகர டக்டுகள் வழியாகத் தரையில் இருக்கும் வென்ட்டுகளில் வெளியே வருகிறது. நாள் முழுக்க அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

அப்படிச் சுற்றும் காற்று நாம் விட்ட வழியில் மட்டும் போவதில்லை. சுவருக்கும் தரைப்பலகைக்கும் நடுவே இருக்கும் சின்ன இடுக்கு, கதவின் அடிப்பக்கம், வென்ட்டின் விளிம்பு என எங்கே சந்து கிடைத்தாலும் நுழையும். அந்தச் சந்தை மூடிக்கொண்டு கிடப்பது கார்பெட். காற்று அதனூடே போகும்போது புகைக்கரியும் நுண்தூசியும் இழைகளில் தங்கிவிடுகின்றன. கார்பெட் துறையினர் இதை ஃபில்ட்ரேஷன் சாய்லிங் என்பார்கள். ஃபர்னஸின் ஃபில்டர் விட்டுவிடும் அழுக்கைத் தரைவிரிப்பு பிடித்துக்கொள்கிறது.

படி 1: கறையை வாசியுங்கள்

ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கறை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

சுவரோரக் கோடு என்றால் காற்று சுவரடி இடுக்கில் போய் வருகிறது. கதவுக்குக் கீழே மட்டும் பட்டையாக இருந்தால், அந்த அறைக்குச் சூடான காற்று வருகிறது, திரும்பிப் போக ரிட்டர்ன் இல்லை. கதவைச் சாத்தினால் அழுத்தம் கூடி அடிப்பக்கமாகப் பிதுங்குகிறது. தரை வென்ட்டைச் சுற்றி விசிறிபோலக் கறுப்பு படிந்திருந்தால், தகரப் பெட்டிக்கும் தரைப்பலகைக்கும் நடுவே சந்து இருக்கிறது.

சந்தேகமாக இருந்தால், ஓரத்தில் கார்பெட்டின் ஒரு மூலையை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். காற்று கொண்டுவந்த அழுக்கென்றால் மேல் இழையில் நிற்காது. அடித்துணியிலும் அதன் கீழே இருக்கும் பஞ்சு மெத்தையிலும் அதே கோடு கறுப்பாக ஓடும். காலடி அழுக்கும் கொட்டிய காப்பியும் அப்படிக் கோடு போடாது.

படி 2: ஃபில்டர்

ஃபர்னஸ் பக்கத்தில் இருக்கும் மின் சுவிட்சை அணைத்துவிட்டு ஃபில்டரை உருவுங்கள். சட்டத்தில் அளவு அச்சிட்டிருக்கும்: 16×25×1, 20×25×1 என்பதுபோல, அங்குலத்தில். வாங்கும்போது அதே அளவு வேண்டும். சிறியதைச் செருகினால் அழுக்குக் காற்று பக்கவாட்டில் தப்பிவிடும். சட்டத்தின் ஓரத்தில் தூசிக் கீற்று தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஃபில்டர் செருகும் வாய்க்கு மூடி இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே பேஸ்மெண்ட் தூசி நேராக உள்ளே போகும். காந்தப் பட்டை மூடி ஒன்று வாங்கி ஒட்டுங்கள். சட்டத்தில் இருக்கும் அம்புக்குறி ஃபர்னஸ் விசிறியைப் பார்த்து இருக்க வேண்டும்.

ஃபில்டரின் தரத்தை மெர்வ் எண்ணால் சொல்வார்கள். இந்தப்பக்கமிருந்து பார்த்தால் அந்தப்பக்கம் தெரியும் மலிவான கண்ணாடியிழை ஃபில்டர் 1 முதல் 4 வரையில் வரும். அது ஃபர்னஸின் மோட்டாரைக் காப்பாற்றும், கார்பெட்டைக் காப்பாற்றாது. மெர்வ் 8 பெரிய தூசியை நிறுத்தும். கறுப்புக் கோட்டை உண்டாக்கும் புகைக்கரியோ ஒரு மைக்ரானுக்கும் குறைவானது. 0.3 முதல் 1 மைக்ரான் வரை உள்ள துகள்களில் குறைந்தது 20 சதவீதத்தை மெர்வ் 11 பிடிக்க வேண்டும், மெர்வ் 13 குறைந்தது 50 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது தரநிலை. ஆனால் ஒரு அங்குலத் தடிப்பில் மெர்வ் 13 போட்டால், சில ஃபர்னஸ்களில் காற்றோட்டம் குறைந்து இயந்திரம் திணறும். என் கருத்தில் ஒரு அங்குல இடம்தான் உள்ளது என்றால் மெர்வ் 11 போதும். நாலு அங்குல இடம் இருந்தால் 13க்குப் போகலாம். ஒரு அங்குல ஃபில்டரை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். நாலு அங்குலம் ஆறு மாதமாவது தாங்கும். போட்ட தேதியைச் சட்டத்தில் மார்க்கரால் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

படி 3: கசிவையும் கதவையும் சரி செய்யுங்கள்

பல வீடுகளில் ரிட்டர்ன் பக்கம் முழுக்கத் தகரக் குழாய் இருக்காது. தரை உத்தரங்களுக்கு நடுவே தகரத்தை அறைந்து அந்த இடுக்கையே குழாயாக்கியிருப்பார்கள். அதன் இணைப்புகளில் பேஸ்மெண்ட் தூசி உறிஞ்சப்படும். எட்டும் இணைப்புகளை மாஸ்டிக் பசையாலோ அலுமினியப் படல டேப்பாலோ அடையுங்கள். டக்ட் டேப் என்று கடையில் விற்கும் சாம்பல்நிறத் துணி டேப் வேண்டாம். 1998இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் சோதித்தபோது, டக்ட் இணைப்புகளில் நிலைக்காமல் போனது அதுதான்.

தரை வென்ட்டின் மூடியைத் தூக்கினால், பெட்டிக்கும் பலகைக்கும் உள்ள சந்து கண்ணுக்கே தெரியும். அலுமினியப் படல டேப் அங்கேயும் உதவும். ரிட்டர்ன் இல்லாத அறைக் கதவுகளைப் பகலில் திறந்து வையுங்கள். முடியாவிட்டால் கதவின் அடியைச் சிறிது அறுக்கலாம், அல்லது சுவரில் காற்று போகும் தட்டி ஒன்று பொருத்தலாம்.

படி 4: புகை எங்கிருந்து வருகிறது?

தமிழ் வீடுகளில் இதைச் சொல்லாமல் விட முடியாது. குளிர்காலம் ஆறு மாதம் சன்னல் திறப்பதில்லை. அந்த மூடிய வீட்டுக்குள் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம். அடுப்பில் தாளிப்பு, வடை, மீன் பொரியல். எரியும் கற்பூரத்தை ஒரு வெள்ளைத் தட்டுக்குக் கீழே சில விநாடி காட்டிப் பாருங்கள், தட்டின் அடி கறுத்துவிடும். அதே கரி காற்றில் ஏறி ரிட்டர்னுக்குள் போகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் கூடச் சேர்வதால், கார்பெட் இழையில் அது ஒட்டிக்கொண்டு வெறும் தண்ணீருக்கு அசையாது.

சாமி கும்பிடுவதை யாரும் நிறுத்தவேண்டியதில்லை. விளக்கை ரிட்டர்ன் தட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். திரியைச் சின்னதாக வையுங்கள், சுடர் ஆடாமல் நின்றால் கரி குறையும். ஊதுபத்தி ஏற்றிய பிறகு பக்கத்துச் சன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கி விசிறி வெளியே ஊதுகிறதா, சமையலறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்று பாருங்கள். நம் சமையலுக்கு வெளியே ஊதுவதுதான் வேண்டும்.

விளக்கோ சமையலோ காரணமில்லாமல் ஃபர்னஸின் மேல்பக்கமோ வென்ட் மூடிகளோ கரியாகிக்கொண்டு வந்தால், அது கார்பெட் விஷயம் இல்லை. சரியாக இருக்கும் ஃபர்னஸில் எரிவாயுச் சுடரின் புகை வீட்டுக் காற்றோடு கலக்கவே கூடாது. வெப்பப் பரிமாற்றியில் விரிசல் இருக்கலாம், கார்பன் மோனாக்சைடு வரலாம். ஃபர்னஸை நிறுத்திவிட்டு, உரிமம் உள்ள எரிவாயுத் தொழில்நுட்பரை அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் எல்லோரும் வெளியே போய் 911ஐ அழைக்க வேண்டும்.

படி 5: டக்ட் சுத்தம் தேவையா?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ வெளிப்படையாகச் சொல்கிறது: டக்ட் சுத்தம் செய்வதால் நோய் தடுக்கப்படுவதாக நிரூபிக்கப்படவில்லை. தகரத்தில் படிந்த தூசியில் பெரும்பகுதி அங்கேயே ஒட்டிக் கிடக்கிறது, அறைக்குள் வரவேண்டும் என்றில்லை. ஆகவே வருடாவருடம் செய்யத் தேவையில்லை. உள்ளே பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால், எலியோ பூச்சியோ குடியிருந்தால், வென்ட்டிலிருந்து தூசி பறந்து வந்தால் செய்யுங்கள். வீட்டில் சுவர் இடித்துப் புதுப்பித்திருந்தாலும், புது வீடு என்றாலும் ஒருமுறை செய்வது நல்லது. கட்டும்போது விழுந்த சுவர்ப்பலகை மாவும் மரத்தூளும் டக்டில் கிடக்கும். கைபேசியை வென்ட்டுக்குள் விட்டு விளக்கோடு படமெடுத்தாலே நிலைமை தெரிந்துவிடும்.

சரியான வேலை என்றால் பெரிய வேக்யூமைப் பிரதான டக்டில் இணைத்து உள்ளிழுத்துக்கொண்டே, ஒவ்வொரு வென்ட்டிலும் ரிட்டர்னிலும் அமுக்கக் காற்றால் தூசியைத் தட்டி எடுப்பார்கள். விசிறியையும் சுத்தம் செய்வார்கள். வெட்டிய துளைகளைத் திரும்ப அடைப்பார்கள். இது மணிக்கணக்கில் நடக்கும் வேலை. தொலைபேசியில் வீடு முழுக்க அடிமாட்டு விலை சொல்பவர் இதைச் செய்ய மாட்டார். வந்தபின் பூஞ்சை என்று பயமுறுத்தி விலையை ஏற்றுவதும் உண்டு. அழைக்காமல் வாசலுக்கு வந்து டக்ட் சுத்தத்துக்கோ ஃபர்னஸுக்கோ ஒப்பந்தம் எழுதுவதை ஒன்டாரியோ 2018 மார்ச் 1 முதல் தடை செய்திருக்கிறது. கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 6: கார்பெட் கடைசியில்

கார்பெட்டைக் கழுவிவிட்டு டக்டைத் தட்டினால் பணம் வீண். டக்ட் வேலை இருந்தால் அது முடிந்ததும் புது ஃபில்டர் போட்டு, தெர்மோஸ்டாட்டில் ஃபேனை ஒரு நாள் ஓடவிட்டு, பிறகு ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்யூமால் மெதுவாக இழுங்கள். சுவரோரத்துக்கு ஒடுக்கமான முனையைப் பயன்படுத்துங்கள். அதன் பிறகுதான் வெந்நீர்ச் சுத்தம். கூப்பிடும்போதே கறுப்புக் கோட்டைச் சொல்லுங்கள். பிசுக்கைக் கரைக்கும் மருந்தை முன்கூட்டியே தெளித்து ஊறவைத்தால்தான் கோடு மங்கும். பல வருடக் கோடு முழுக்கப் போகாது, போக்கிவிடுவதாக உறுதி சொல்பவரை நம்ப வேண்டாம். நீங்களே ப்ளீச் ஊற்றினால் கார்பெட்டின் சாயமும் போய்விடும்.

ஈரம் காயும்வரை ஃபேன் ஓடட்டும். எப்போதாவது கார்பெட்டை மாற்றுவதாக இருந்தால், புதியதை விரிக்கும் முன் சுவரடி இடுக்கு முழுவதையும் காக்கிங் பசையால் அடைக்கச் சொல்லுங்கள். அந்த இடுக்கை எட்ட அதைவிட வசதியான நேரம் வராது.