அகழ்வுப் பணிகளில் மண்சரிவும் தொழிலாளர் பாதுகாப்பும்

கட்டடமாயினும், பாலமாயினும், கழிவுநீர்க் குழாயாயினும் எப்பணியும் மண்ணைத் தோண்டுவதில்தான் தொடங்குகிறது. பணிகளுள் மிக எளியதாகக் கருதப்படுவதும், மிகக் குறைந்த கூலி பெறுவோரிடம் ஒப்படைக்கப்படுவதும் இதுவே. ஆயினும், எவ்வித முன்னறிவிப்புமின்றி உயிரைப் பறிக்கும் ஆபத்து இதில் அடங்கியுள்ளது.

சரிவு நேர்வது எவ்வாறு?

தோண்டப்படாத நிலத்தில் மண்ணின் ஒவ்வொரு பகுதியையும் அடுத்துள்ள மண் தாங்கி நிற்கிறது. குழி வெட்டியதும் ஒரு பக்கத் தாங்கல் நீங்கிவிடுகிறது. ஆழம் கூடக் கூடப் பக்க அழுத்தமும் கூடுகிறது. விளிம்புக்கு இணையாகத் தரையில் வெடிப்பு தோன்றிப் பின்னர் அம்மண் முழுவதும் உள்ளே சரிகிறது. மழைநீர்க் கசிவு, அருகில் செல்லும் வண்டிகளின் அதிர்வு, விளிம்பில் குவித்த மண்ணின் பாரம் ஆகியவை இதனை விரைவுபடுத்துகின்றன. முன்பே தோண்டி நிரப்பப்பட்ட மண் இன்னும் நம்பத்தகாதது. உலர்ந்த கரிசல் மண் செங்குத்தாக நிற்பதும் உறுதியின் அடையாளமன்று. ஈரம் பட்டதும் அது வலுவிழக்கும்.

ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு டன் எடையுள்ளது. எனவே, மார்பளவு புதைந்தவரும் மூச்சுவிட இயலாமல் மடியக்கூடும். அவரை மீட்கப் பதற்றத்துடன் இறங்குவோர் இரண்டாவது சரிவுக்கு இரையாவதும் உண்டு.

ஆபத்து குழிக்குள் மட்டுமன்று; குழியைச் சுற்றிலும் உள்ளது. 2019 ஜூன் 29 அன்று புனே நகரின் கோந்த்வா பகுதியில், கனமழைக்கிடையே ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் சரிந்தது. அதனை ஒட்டிய கட்டுமானத் தளத்தின் தொழிலாளர் குடிசைகள்மேல் அது விழுந்ததில், குழந்தைகள் உட்பட 15 பேர் உயிரிழந்தனர்.

விதிகள் கூறுவன

மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதித்தொகுப்பு இது குறித்துத் தெளிவாக உள்ளது.

1. 1.5 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள குழியின் பக்கங்களைப் படிப்படியாகச் சரித்து வெட்ட வேண்டும். அல்லது மரப்பலகை அடைத்து முட்டுக்கொடுக்க வேண்டும்.

2. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது குழியின் ஆழத்தில் பாதி, இவற்றுள் எது அதிகமோ அத்தொலைவுக்கு அப்பால் கொட்ட வேண்டும்.

3. 1.2 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள குழிகளில் ஒவ்வொரு 30 மீட்டர் நீளத்திற்கும் ஓர் ஏணியேனும் வேண்டும்.

4. மேலிருந்து கீழாகவே வெட்ட வேண்டும். அடிமண்ணைக் குடைந்து மேல்மண்ணை விழச்செய்தல் கூடாது.

விதி மீறப்படுவது ஏன்?

அறியாமை மட்டுமே காரணமன்று. செலவுக் கணக்கும் காரணமாகும். முட்டுக்கொடுக்கும் செலவு மண்வெட்டு விகிதத்திலேயே அடங்கியதாகக் கொள்ளப்படும் ஒப்பந்தங்களில், அதனைத் தவிர்ப்பவருக்கே குறைந்த ஒப்பந்தப்புள்ளி கைகூடுகிறது. விதியை மதிப்பவர் போட்டியில் பின்தங்குகிறார். வெட்டிய கன அளவுக்கே கூலி பெறும் தொழிலாளிக்கும், பலகை அடைக்கும் நேரம் ஊதியமற்ற நேரமாகிறது. ஆகவே, தன் உயிரைக் காக்கும் ஏற்பாட்டையே அவர் தடையாகக் கருத நேரிடுகிறது.

இதற்குரிய பரிகாரம் மதிப்பீட்டிலேயே தொடங்க வேண்டும். பலகை அடைப்பைத் தனி இனமாகக் காட்டி, அடைத்த பரப்பைச் சதுர மீட்டரில் அளந்து, அதற்கெனத் தனியே பணம் வழங்கும் முறை மத்தியப் பொதுப்பணித் துறையின் விகிதப் பட்டியலில் உள்ளது. பிற துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் தம் எல்லா அகழ்வு ஒப்பந்தங்களிலும் இதனைப் பின்பற்றுதல் நலம். அளக்கப்படும் வேலையே செய்யப்படும் வேலையாகும்.

1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கென இயற்றப்பட்டது. அவ்வாண்டின் தீர்வைச் சட்டப்படி, கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நலநிதிக்கென விதிக்கப்பட்டது. நிதியுதவி இழப்பின் சுமையைக் குறைக்கலாம். இழந்த உயிரை மீட்பதில்லை.

அதிகாரியின் கடமை

நாள்தோறும் வேலை தொடங்குமுன்பும், ஒவ்வொரு மழைக்குப் பின்பும் குழியின் விளிம்பைப் பார்வையிட வேண்டும். வெடிப்பு தென்பட்டால் ஆட்களை உடனே வெளியேற்ற வேண்டும். முட்டுகளை அகற்றும்போது, மண்ணை நிரப்பிக்கொண்டே கீழிருந்து மேலாக அகற்ற வேண்டும். “அரைமணி நேர வேலைதானே” என்னும் சொல்லுக்கு இடந்தரலாகாது. மண் சரிவதற்கு அரை நொடி போதும். அளவுப் புத்தகத்தில் பலகை அடைப்புப் பதிவாகாத எந்த ஆழ்குழியிலும் ஆளை இறக்க அனுமதியாமையே மேற்பார்வையின் முதற்கடமை.