அலையோடு வளைந்த மரக்கலம்

கி.பி. 8ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 11ஆம் நூற்றாண்டு வரை வட ஐரோப்பியக் கடல்களில் மேலோங்கி விளங்கியவர்கள் வைக்கிங்குகள். நார்வே, சுவீடன், டென்மார்க் பகுதிகளைச் சேர்ந்த இவர்கள் வணிகராகவும் கொள்ளையராகவும் குடியேறிகளாகவும் கடல் கடந்தனர். ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாக வட அமெரிக்கக் கரையையும் அடைந்தனர். மேற்கூரையற்ற மரக்கலம் அட்லாண்டிக் பெருங்கடலின் சீற்றத்தை எங்ஙனம் தாங்கியது?

1880இல் நார்வேயின் கோக்ஸ்டாட் என்னுமிடத்தில் புதைமேடு ஒன்றை அகழ்ந்தபோது, களிமண்ணுள் சிதையாதிருந்த கலம் ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ 23 மீட்டர் நீளமுடைய அக்கலம், அவர்தம் தொழில்நுட்பத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

கட்டும் முறை

முதலில் எரா எனப்படும் அடிமரத்தை அமைத்து, அதன் இருமுனைகளிலும் வளைந்த மரங்களைப் பொருத்தினர். ஓக் மரத்தை வாளால் அறுக்காமல், ஆப்பு அறைந்து நாரின் போக்கிலேயே பிளந்து, கோடரியால் செதுக்கினர். நார் அறுபடாமையால் பலகைகள் மெல்லியனவாயினும் உறுதியுடன் விளங்கின. ஒரு பலகையின் விளிம்பு மற்றொன்றின்மேல் படியுமாறு அடுக்கி, இரும்பு ஆணிகளால் பிணைத்தனர். இடைவெளிகளில் தார் தோய்ந்த விலங்கு மயிரைத் திணித்தனர். உடற்பகுதி உருப்பெற்ற பின்னரே உள்ளே விலாச்சட்டங்களைப் பொருத்தினர். கீழ்ப்பலகைகளைச் சட்டங்களோடு ஆணியால் இறுக்காமல் கட்டிப் பிணைத்தமையால், கலம் அலைக்கேற்ப வளைந்து கொடுத்தது.

செலுத்தும் முறை

நடுவே நின்ற ஒற்றைப் பாய்மரத்தில் சதுரப் பாய் விரிந்தது. காற்று ஓய்ந்தபோதும் ஆற்றினுள் செல்லும்போதும் துடுப்புகள் பயன்பட்டன. கோக்ஸ்டாட் கலத்தில் பக்கத்திற்குப் 16 துளைகளாக 32 துடுப்புகளுக்கு இடமிருந்தது. பாய் விரித்துச் செல்லுங்கால் நீர் புகாதிருக்க அத்துளைகளைச் சிறு மூடிகள் அடைத்தன. பின்புறத்தின் வலப்பக்கத்தில் பொருத்திய அகன்ற துடுப்பே சுக்கானாயிற்று. ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழமே போதுமாதலால், துறைமுகம் இல்லாத கரையிலும் கலத்தை ஒதுக்க இயன்றது.

கடல் வைத்த தேர்வு

1893இல் கோக்ஸ்டாட் கலத்தை ஒத்ததாகக் கட்டிய ‘வைக்கிங்’ என்னும் கலம், மாக்னஸ் ஆண்டர்சன் தலைமையில் நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து புறப்பட்டது. 28 நாள்களில் நியூஃபவுண்ட்லாந்தை அடைந்து, பின்னர்ச் சிகாகோ உலகக் கண்காட்சிக்கும் சென்றது. பேரலைகளில் அதன் மேல்விளிம்பு ஆறு அங்குலம் வரை பிறழ்ந்தும் உள்ளே நீர் புகவில்லை என ஆண்டர்சன் பதிவு செய்துள்ளார்.

மரத்தின் தடிப்பை மிகுத்துக் கடலை எதிர்ப்பது ஒரு வழி. மரத்தின் இயல்பறிந்து அலையோடு இயைவது மற்றொரு வழி. வைக்கிங் தச்சர்கள் தேர்ந்தது இரண்டாம் வழியே.