மலைச் சைக்கிளுக்கு முதலில் மலை வேண்டாம்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறோம். எட்டு வயது மகனுக்கு மவுண்டன் பைக் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். காலி வீதியில் விட முடியாது. மரைன் டிரைவிலும் வாகனங்கள் விரைந்து போகின்றன. கொட்டாஞ்சேனையில் இருக்கும் தங்கையின் மகளுக்கும் சேர்ந்து ஓட ஆசை, அவளுக்குப் பத்து வயது. பிள்ளைகளோடு மண்பாதையில் ஓட எங்கே போகலாம்? ஓகஸ்ட் விடுமுறையில் நேரே மலைநாட்டுக்குக் கூட்டிப் போகலாமா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மலைநாட்டுக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் மகனின் முதல் மண்பாதை அங்கே இருக்க வேண்டாம். முதல் நாளே பயந்துபோன பிள்ளையை மறுபடி சைக்கிளில் ஏற்றுவது பெரும்பாடு. இறக்கத்தில் கை நடுங்கி, பிறேக்கை இறுக்கிப் பிடித்து, அழுதபடி வண்டியை உருட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது பாதையைத் தேர்ந்தெடுத்த பெரியவர்கள்மீதுதான்.

வெளிநாடுகளில் மலைச் சைக்கிள் பாதைகளுக்கு வர்ணக் குறி உண்டு. புதியவர்களுக்கானது பச்சை. அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பாதை 90 சென்ரிமீற்றருக்குக் குறையாத அகலம், சராசரியாக 100 மீற்றருக்கு 5 மீற்றருக்கு மேற்படாத ஏற்றம், விலக முடியாத கல்லோ வேரோ இருந்தால் அது 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குள். நம்முடைய பாதைகளில் அப்படி எழுதி வைத்திருப்பதில்லை, ஆகவே அளப்பது உங்கள் வேலை. நான் பெற்றோருக்குச் சொல்லும் சோதனை இதுதான்: இறக்கத்தின் நடுவில் பிள்ளை தானாகப் பிறேக் பிடித்து, நின்று, காலூன்றி, திரும்ப ஏறி ஓட முடிகிறதா? முடிந்தால் அந்தப் பாதை அவனுக்குப் பொருந்தும். முடியாவிட்டால் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கொழும்பில் மலை இல்லை, மண் இருக்கிறது. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் இது. உங்களுக்குக் கிட்டியது தெஹிவளைக்கு உட்புறம் உள்ள பெல்லன்வில–அத்திடிய பகுதி. வெரஸ் கங்கையை ஒட்டிய நடைபாதை மட்டமானது, பழகத் தோதானது. மாலையில் நடக்க வருபவர்கள் நிறைந்துவிடுவார்கள், அதனால் விடியற்காலையில் போங்கள். சைக்கிள் விடுவார்களா என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். பெத்தகான போன்ற ஈரநிலப் பூங்காக்களின் பலகைப் பாதைகள் நடப்பவர்களுக்கானவை. அங்கே சைக்கிளைக் கொண்டு போக வேண்டாம்.

தங்கை வீட்டிலிருந்து இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து மட்டக்குளிப் பாலம் தாண்டி ஹெந்தளைக்குப் போனால் ஹமில்டன் கால்வாய். 1802இல் தொடங்கி 1804இல் வெட்டி முடித்தது, நீர்கொழும்புப் பக்கம் ஓடுகிறது. கால்வாய் வெட்டிய நிலம் என்பதால் கரையில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வடக்கே போகப் போக முத்துராஜவெல ஈரநிலம் விரியும். 3,000 ஹெக்டேயருக்கு மேல், 1996இல் ஒரு பகுதி சரணாலயமானது. கபரகொய்யா பாதையைக் கடப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். ஆனால் தண்ணீர்ப் பக்கம் தடுப்பு இல்லாத இடங்களில் உங்கள் சைக்கிள்தான் நீரோரமாக ஓட வேண்டும். பெரியவர் ஒருவர்தான் என்றால் பின்னால் வாருங்கள். முன்னால் போனால் பிள்ளை விழுந்தது உங்களுக்குத் தெரியாது. பாலம் வரைக்கும் பிள்ளைகளை வீதியில் ஓட விடாமல் வானில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

சைக்கிளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதையில் வரும் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே தொடங்குகிறது. மகனின் விரல் பிறேக் பிடியை எட்டுகிறதா என்று இன்றே பாருங்கள். ஹாண்டிலைப் பிடித்தபடியே ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பிடியில் வளைந்து உட்கார வேண்டும். பெரும்பாலும் நுனிவிரல்தான் தொடும். பிடி ஹாண்டிலோடு சேரும் இடத்தில் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும், சிலவற்றுக்கு அலன் கீ வேண்டும். அதை உள்ளே திருகினால் பிடி கிட்ட வரும். பிறகு அமர்த்திப் பாருங்கள்: பிடி ஹாண்டிலில் இடிக்குமுன் சில்லு நிற்க வேண்டும், இல்லையென்றால் பிறேக் கம்பியை இறுக்க வேண்டும். எந்தக் கைப் பிறேக் முன்சில்லுக்கு என்பது சைக்கிளுக்குச் சைக்கிள் மாறும். அதையும் மகனுக்குக் காட்டி, இறக்கத்தில் இரண்டையும் மெல்ல மெல்லப் பிடிக்கப் பழக்குங்கள். முன்பக்க ஸ்பிரிங் பாரத்தைத்தான் கூட்டும், எட்டு வயதில் அதனால் பயன் குறைவு. ரயரில் அச்சிட்டிருக்கும் காற்றளவின் கீழ் எல்லைக்கு அருகில் வைத்தால் மண்ணில் பிடிப்பு நன்றாக இருக்கும். ஹெல்மெட் இல்லாமல் தெருவாசல் தாண்ட வேண்டாம்.

இனி ஓகஸ்ட். தென்மேல் பருவமழை அப்போதும் நுவரெலியாவை நனைத்துக்கொண்டிருக்கும். பண்டாரவளைப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும், அங்கே போங்கள். தேயிலைத் தோட்டத்து உள்வீதிகள் லொறி ஏறுவதற்காகப் போட்டவை. அதனால் செங்குத்தாக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறும், புதியவர்களுக்கு அது நல்லது. ஆனால் அவை தனியார் வீதிகள். தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள், லயத்துப் பக்கம் போகும்போது இறங்கி உருட்டுங்கள், கொழுந்து மூட்டை ஏற்றி வரும் லொறிக்கு ஒதுங்கி வழி விடுங்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ ட்ரெயில் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். அது நடப்பவர்களுக்காக அமைத்த பாதை, பிள்ளையோடு சைக்கிளில் ஒரு பகுதியை முழுதாக ஓட நினைக்க வேண்டாம். நுவரெலியாவுக்குப் போவதென்றால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போய், கிரகரி வாவியைச் சுற்றி ஓட்டம் தொடங்குங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம் என்பதால் அந்த மட்டமான பாதையிலும் மூச்சு வாங்கும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிற குடும்பமென்றால் சைக்கிள்களையும் கொண்டு போங்கள். இதை விரும்பித்தான் சொல்கிறேன். ஓகஸ்டில் அங்கே மழை குறைவு, செம்மண் ஒழுங்கைகள் இறுகிக் கிடக்கும், எங்கும் மட்டம், விழுந்தால் தூக்கிவிடச் சொந்தக்காரர் வீடு பக்கத்தில் இருக்கும். டிசம்பரில் அதே ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும். வடமராட்சிக் கிழக்கில் மணற்காட்டுப் பக்கம் மணல் ஆழம், சில்லு புதையும், அங்கே சிறுவர்கள் களைத்துப் போவார்கள். முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். வன்னியில் எங்கேயும் மக்கள் அன்றாடம் போய்வரும் பாதையை விட்டுப் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள், பற்றைக்குள் பந்து போனாலும்கூட.