கைராசியும் உப்புநீரும்

ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எந்தப் பிரிவுக்கும் விதை கொடுத்து வீட்டில் வளர்த்து வரச் சொல்லிப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் உற்சாகம் பொங்கும். பிறகு இலை ஓரம் கருகியது, பூ உதிர்ந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். "எனக்குக் கைராசி இல்லீங்க சார்" என்று வீட்டில் கேட்டதை அப்படியே வந்து ஒப்பிக்கும் பிள்ளையும் உண்டு. இதை விளையாட்டாக விட்டுவிடக் கூடாது. காரணத்தைத் தேட வேண்டிய இடத்தில் தன் மீதே பழியைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

திருப்பூர் வட்டாரத்தில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீரை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு சேர்ப்பார்கள். பல ஆண்டுகள் அந்தக் கழிவு நொய்யலில் கலந்தது. 1992இல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்ட பிறகே, கழிவுநீர் துளியும் வெளியேறாத சுத்திகரிப்பு கண்டிப்பானது. ஆனாலும் நிலத்தடியில் இறங்கிய உப்பு சட்டென்று போய்விடாது. மழை குறைந்த பாறை நிலத்தின் இயல்பான உவர்ப்பும் அதனுடன் சேர்கிறது.

இதற்கு ஒரு கணக்குப் போடலாம். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. 2000 உள்ள போர் தண்ணீரைத் தினமும் ஒரு லிட்டர் வீதம் 30 நாள் ஊற்றினால் பைக்குள் போவது 60 கிராம். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே தங்கும். வடிகால் துளை அடைத்திருந்தால் முழுதும் தங்கும். மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கு படிவது அதனால்தான்.

மண்நீரில் உப்பு கூடினால் வேர் நீரை இழுக்கத் திணறும். பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் சவ்வூடு பரவல் இதுதான். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுவதைப் பார்த்து, பலர் "உரம் பத்தல" என்று யூரியா போடுகிறார்கள். யூரியா உப்பு அல்ல, ஆனாலும் மண்நீரில் கரைந்து உப்பைப் போலவே வேரைத் திணறடிக்கும். தீ மேல் எண்ணெய் ஊற்றின கதை. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீரைச் செடிக்கு விடச் சொல்லும் யோசனை சிக்கனமானதுதான். ஆனால் சுத்திகரிப்பில் பிரிந்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வகுப்பில் செய்ய: ஒரே அளவுள்ள ஆறு பைகளில் மூன்றில் பீன்ஸ், மூன்றில் தட்டைப்பயறு. இரண்டும் பயறு வகைதான், ஆனால் பீன்ஸ் உப்பைத் தாங்காது, தட்டைப்பயறு ஓரளவு தாங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பைக்குப் போர் தண்ணீர், ஒன்றுக்குக் குடிநீர்க் குழாய்த் தண்ணீர், ஒன்றுக்குச் சேமித்த மழைநீர். மூன்று நீரையும் கருப்புத் தட்டுகளில் சம அளவு ஊற்றி வெயிலில் காயவிட்டால் மிஞ்சும் படிவத்தைப் பிள்ளைகள் கண்ணாலேயே ஒப்பிடலாம். தென்னைநார்க் கழிவிலும் உப்பு உண்டு. இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து நிரப்புங்கள்.

உப்பேறிய பையைத் தூக்கிப் போட வேண்டாம். அடியில் வடியும் வரை நல்ல நீர் விட்டு அலசலாம். சாயம் ஏற்றாத பருத்தி பனியன் வேஸ்ட்டை மண் மேல் பரப்பினால் ஆவியாவது குறையும். பாலியஸ்டர் கலந்தது மக்காது, வேண்டாம்.

லைன் வீட்டில் டிரம்மில் பிடித்து வைத்த குடிநீரைச் செடிக்கு ஊற்று என்று நாம் சொல்ல முடியாது. அதனால் இச்சோதனையைப் பள்ளியிலேயே வைப்பது நியாயம். மதிப்பெண்ணும் செடியின் உயரத்துக்கு அல்ல, தேதி போட்டு எழுதிய குறிப்பேட்டுக்கு. ஜனவரியில் தொடங்குங்கள், ஐப்பசி மழையில் வைத்தால் உப்பெல்லாம் கழுவிப்போய் ஆறு பையும் ஒன்று போலவே நிற்கும்.